கருங்கலிலிருந்து அபர்டீனுக்கு: குளிர் "ஒத்துக்கிடாத" ஒரு செவிலியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளி பெண், வயது 27, செவிலியர். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். வேலை ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீன் நகரில். செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தவர், அண்ணன் கல்யாணத்துக்காகப் பிப்ரவரியில் விடுப்பு எடுத்து வந்திருந்தார். கால்விரல்களில் கருநீல வீக்கம், கைகளில் வெடிப்பு, அடிக்கடி மூக்கில் இரத்தம், விடாத இருமல், எழுந்திருக்கவே முடியாத அசதி. இதற்கெல்லாம் என்ன காரணம் என்பதையும் அம்மா கையோடு கொண்டுவந்திருந்தார்: "அங்கத்த குளிரு இவளுக்கு ஒத்துக்கிடல்ல டாக்டரம்மா. எலும்புக்குள்ள ஏறிட்டு. வேலைய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

நோயாளியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்ப்பவர்களுக்கு வெளிநாடு போய்வந்த நோயாளி புதிதில்லை. ஆனால் நமக்குப் பழக்கம் வளைகுடா. அங்கிருந்து சிறுநீரகக் கல்லோடும் சர்க்கரையோடும் முதுகுவலியோடும் வருவார்கள். இப்போது செவிலியர்கள் பிரிட்டன், ஜெர்மனி, கனடா என்று போகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் குறைகள் வேறு மாதிரி. இந்த ஒரு நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் இதுதான்: "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே பதிலுக்குள் தனித்தனியாகச் சரிசெய்யக்கூடிய பல காரணங்கள் கிடந்தன. அவற்றில் சில, இவர் விமானம் ஏறும் முன்பே இங்கிருந்து கொண்டுபோனவை.

இடம் மாறியதில் என்ன மாறியது

நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். மாவட்டத்துக்குள்ளேயே குளிர் வேண்டுமென்றால் மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் என்று மலை ஏற வேண்டும். பகல் நீளமும் அப்படித்தான். ஜூன் மாதத்துப் பகலுக்கும் டிசம்பர் மாதத்துப் பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை.

அபர்டீன் இருப்பது வட அட்சரேகை 57இல். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் ஏறத்தாழ 8.45க்கு எழுந்து 3.30க்குள் விழுந்துவிடும். வெப்பநிலையைப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரம் இல்லை; கடலோரம் என்பதால் பகலில் 6 டிகிரி, இரவில் 1 டிகிரி என்ற அளவில்தான் டிசம்பரும் ஜனவரியும் சராசரியாகப் போகும். கனடாவின் வின்னிப்பெக்கோடு ஒப்பிட்டால் இதெல்லாம் குளிரே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இவருடைய கால்விரலுக்கு வின்னிப்பெக்கைவிட அபர்டீன்தான் மோசமான இடம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போவதற்கு முன் இவருக்குப் பயமே இருந்ததில்லை. நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருடம் ஏசியில் நின்றவர். "ஏசியில ராத்திரி டூட்டியே பாத்திருக்கேன், இதென்ன பெரிசு?" என்று நினைத்துத்தான் போயிருக்கிறார். கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்தவை அக்ரிலிக் ஸ்வெட்டர் இரண்டு, குரங்குக் குல்லா ஒன்று, ஒரு டின் தேங்காயெண்ணெய், கருப்பட்டி, சுக்கு.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டபோது

இந்த நிகழ்வில் நோயை அவிழ்த்தது கேள்விதான். பரிசோதனைச் சீட்டுகள் அதை உறுதி செய்தன, அவ்வளவே. "எப்போதிலிருந்து வலி?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன செய்கிறாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

ஐந்தரைக்கு எழுந்து, ஊரில் செய்வதுபோலவே, தலைக்குக் குளிக்கிறார். முடி காயாமலே பின்னி, குல்லாவுக்குள் திணித்துக்கொள்கிறார். உள்ளே பருத்தி பனியன், பருத்திச் சுடிதார், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் அங்கே வாங்கிய தடித்த ஜாக்கெட். காலில் இரண்டு ஜோடிப் பருத்தி சாக்ஸ், அதன் மேல் ஊரிலிருந்து கொண்டுபோன கேன்வாஸ் ஷூ. இரண்டு சாக்ஸ் போட்டதில் ஷூ இறுக்கிப் பிடிக்கும். "இறுக்கமா இருந்தா சூடு வெளிய போகாதுன்னு நெனச்சேன்."

பஸ் ஸ்டாப்புக்குக் கால் மணி நேர நடை. தாமதமானால் ஓட்டம். ஓடினால் ஜாக்கெட்டுக்குள் வியர்வை. மழைத்தூறல் அல்லது இளகிய பனியில் ஷூ நனையும். பஸ் வரும்வரை அந்த ஈரத்தோடு கடற்காற்றில் நிற்பார். வார்டில் வேறு செருப்பு மாற்றிக்கொள்வார். ஆனால் நனைந்த ஷூ பன்னிரண்டு மணி நேரம் லாக்கருக்குள் கிடந்து, திரும்பும்போதும் ஈரமாகவே காலில் ஏறும். காலை ஏழரைக்குத் தொடங்கும் ஷிப்ட் இரவு ஏழரைக்கு முடியும். "இருட்டுல போவேன், இருட்டுல வருவேன் டாக்டர். டூட்டி உள்ள நாளெல்லாம் வெயிலக் கண்ணால காணல்ல."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மரத்துப்போன காலை நேரே ரேடியேட்டரில் வைப்பது. அது ஓடாத நாளில் ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி அதன் மேல் வைப்பது. அரை மணி நேரத்தில் அரிப்பும் எரிச்சலும் தாங்க முடியாமல் வரும்.

"ரேடியேட்டர் ஓடாத நாளா? அது எப்போதும் ஓடாதா?"

இந்தக் கேள்விக்கு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். வீட்டில் இவரோடு இன்னும் இரண்டு பேர், மூவரும் செவிலியர்கள். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் முன்பணம் போட்டால்தான் மீட்டர் ஓடும். படிப்புக் கடன், போகும்போது வாங்கிய கடன், அண்ணன் கல்யாணச் செலவு என்று சம்பளத்தில் பெரும்பங்கு ஊருக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே மூவரும் பேசி வைத்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஹீட்டிங் போட்டிருக்கிறார்கள். துவைத்த துணியைப் படுக்கையறையிலேயே கொடி கட்டிக் காயப்போடுவார்கள். சன்னலைத் திறந்தால் குளிர் வரும் என்று நவம்பரிலிருந்து திறக்கவே இல்லை. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது.

அம்மா அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர், இப்போது நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்குள்ள சூடாக்கதுக்கும் ரூவா குடுக்கணுமா மக்கா? நீ சொல்லவே இல்லியே."

விடுமுறை நாட்களில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு வந்த பதில்: போர்வைக்குள். மதியம் இரண்டு மணி வரை தூக்கம், பிறகு பிஸ்கட், பிரெட், மறுபடி தூக்கம். ஜனவரியில் அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் காரணமில்லாமல் அழுதிருக்கிறார். குளிர் ஆகாது என்பதால் கடை, சர்ச் தவிர வெளியே போவதே இல்லை.

பார்த்தது

எடை குறைவு, உடல் நிறை எண் 18. இரத்த அழுத்தம் 96/60. கண் இமை உட்புறம் வெளுத்திருந்தது. இரண்டு பாதங்களிலும் இரண்டாம், மூன்றாம் விரல்களின் மேற்புறமும் சுண்டுவிரல்களும் கருநீலமாக வீங்கியிருந்தன. இடது சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து ஆறிவரும் சிறு புண். பாதத் துடிப்புகள் நன்றாக இருந்தன. விரலிடுக்கில் ஊறலோ தோலுரிதலோ இல்லை, நகங்கள் சுத்தம். புறங்கைகளில் நெடுக்க வெடிப்பு.

ஒரு விஷயம் உடனே கவனத்தை இழுத்தது. ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டிருந்தது. அங்கே ஒருவர் காலைப் பார்த்துவிட்டுப் பூஞ்சைத் தொற்று என்று சொல்லி களிம்பு கொடுத்திருக்கிறார்; இரண்டு மாதம் தடவியும் பலனில்லை. பூஞ்சைத் தொற்று நம் ஊர்ப் புழுக்கத்தில் கூடுமே தவிர வடியாது.

இது சில்பிளெய்ன். உறைபனியே தேவையில்லாமல், பூஜ்யத்துக்கும் 15 டிகிரிக்கும் இடைப்பட்ட ஈரக் குளிரில் வரும் தோல் அழற்சி. குளிர்பட்டு 12 முதல் 24 மணி நேரம் கழித்து அரிப்போடும் எரிச்சலோடும் எழும்பும். மறுபடி குளிர்படாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். மெலிந்த உடல்வாகுள்ள இளம்பெண்களுக்கு அதிகம். பிரிட்டனில் இது சர்வசாதாரணம். ஆனால் பாடநூல் படங்களில் அது வெள்ளைத் தோலில் தக்காளிச் சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது, கருநீலமோ கரும்பழுப்போதான் தெரியும். முதலில் பார்த்தவர் தவறவிட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

குளிரில் விரல் நிறம் மாறுவதால் ரேனாட் கோளாறா என்று யோசித்தேன். அதில் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து, சூடு பட்டதும் மணிக்கணக்கில் சரியாகிவிடும். இவருக்கு நாட்கணக்கில் நின்றது. உறைபனிக்கடி இல்லை, காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது எவ்வளவு காற்று அடித்தாலும் தோல் உறையாது. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயும் இதே தோற்றத்தில் வரலாம் என்பதால் அதற்கான முதற்கட்ட இரத்தச் சோதனை ஏ.என்.ஏ. பார்த்தோம், எதிர்மறை. மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்வு எதுவும் இல்லை.

மற்ற முடிவுகள்: ஹீமோகுளோபின் 9.4 கிராம், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7, வைட்டமின் டி 9 நானோகிராம், மூன்றும் குறைவு. தைராய்டுக்கான டி.எஸ்.எச். இயல்பு, சர்க்கரை இயல்பு. மனநிலைக்கான ஒன்பது கேள்வி வினாத்தாளில் 11 மதிப்பெண், அதாவது நடுத்தர அளவு மனச்சோர்வு.

என்ன நடந்திருக்கிறது

முதலில் இரத்தசோகை. இது அபர்டீன் கொடுத்ததல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இவருக்கு மாதவிலக்கில் போக்கு அதிகம். கல்லூரிக் காலத்திலிருந்தே அப்படித்தான். 30 டிகிரி வெயிலில் இதைச் சமாளித்துக்கொண்டே வாழ்ந்துவிடலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு குளிரில் போதிய வெப்பத்தை உற்பத்தி செய்யாது, இருக்கும் வெப்பத்தையும் வேகமாக இழக்கும். தைராய்டு ஹார்மோன் சரியாக வேலை செய்யவும் இரும்பு தேவை. அம்மா "எலும்புக்குள்ள ஏறிட்டு" என்று சொன்ன குளிரில் ஒரு பங்கு இங்கே கருங்கலில் தொடங்கியது.

வைட்டமின் டி கதையும் அதே. வெயில் கொட்டுகிற ஊர்தான், ஆனால் விடுதி, வார்டு, குடை என்று வெயில் படாமலே பல வருடம் வாழ்ந்தவர். போகும்போதே இருப்பு குறைவாகத்தான் இருந்திருக்கும். பிரிட்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சூரிய ஒளியில் தோல் போதிய வைட்டமின் டி தயாரிக்க முடியாது. அந்நாட்டு அரசே அந்த மாதங்களில் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. தெற்காசியர், ஆப்பிரிக்கர் போன்ற கருந்தோலினர் வருடம் முழுக்க. இது இவருக்குத் தெரியும், நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறார். தான் விழுங்கியதில்லை. செவிலியர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்தது ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தியைவிட நல்ல துணி இல்லை. வியர்வையை உறிஞ்சும், காற்றில் காயும், காயும்போது மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல உடம்பு குளிரும். அபர்டீனில் அதே துணி அதே வேலையைச் செய்கிறது, அதுதான் சிக்கல். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும். கம்பளி அப்படியில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்கு நனைந்தது தெரியாது.

இதில் வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கூடுதல் பாரம் உண்டு. வியர்வைச் சுரப்பிகளில் எத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பது பிறந்த முதல் இரண்டு வருடத்துக்குள் வளரும் இடத்தின் வெப்பத்தைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ எண்ணிக் காட்டினார். அவர் கணக்கில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு வேலை செய்யும் சுரப்பிகள் ஏறத்தாழ 28 லட்சம், ஜப்பானியருக்கு 23 லட்சம். ஜாக்கெட்டுக்குள் ஓடிவியர்ப்பதில் நாம் மற்றவர்களுக்கு ஒரு படி மேலே. ஆகவே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைவிடப் பத்து நிமிடம் முன்னால் கிளம்புவது இவருக்கு மருந்து மாதிரி.

விரல் நுனி இரத்த ஓட்டத்திலும் பிறந்து வளர்ந்த இடம் பேசுகிறது. கடுங்குளிரில் விரலின் இரத்தநாளங்கள் முதலில் இறுகி மூடும், சில நிமிடம் கழித்துத் திறந்து கொஞ்சம் சூடு விட்டு மறுபடி மூடும். மூடுவதும் திறப்பதுமாக இது மாறிமாறி நடக்கும். 1930இல் தாமஸ் லூயிஸ் விவரித்தது. குளிர் நாட்டுக்காரர்களைவிட வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திறப்பு தாமதமாகவும் குறைவாகவும் நடப்பதுண்டு. ஆகவே "நம்ம உடம்புக்குக் குளிர் ஆகாது" என்பது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வித்தியாசம் ஒரு நல்ல சாக்ஸும் உலர்ந்த ஷூவும் ஈடுகட்டக்கூடிய அளவுதான். இவர் செய்தது நேர்மாறு: இறுக்கிப் பிடித்த ஷூ இருக்கிற இரத்த ஓட்டத்தையும் நெரித்தது, உள்ளே நிற்க வேண்டிய காற்றை வெளியே தள்ளியது. அப்புறம் ரேடியேட்டர். குளிர்ந்த விரலைத் திடீரெனச் சூடாக்கினால் சிறு தமனிகள் விரிந்துவிடும், சிரைகள் அதற்குள் விரியாது. வரும் இரத்தம் போக வழியில்லாமல் நீர் கசிந்து வீங்கும். சில்பிளெய்ன் எழும்புவதே அப்படித்தான்.

வின்னிப்பெக் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஜனவரியில் மைனஸ் 20ஐச் சாதாரணமாகத் தொடும் ஊரில் பனி பொடியாக, உலர்ந்தே கிடக்கும், ஷூ நனையாது. வீட்டுச் சுவர்கள் தடித்தவை, உள்ளே சூடு குறைந்தால் தண்ணீர்க் குழாயே வெடிக்கும் என்பதால் ஹீட்டிங்கில் யாரும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். எச்சரிக்கையாக உடுத்தாமல் யாரும் வெளியே போகவும் மாட்டார்கள். அபர்டீனின் 3 டிகிரி அப்படிப் பயமுறுத்துவதில்லை. காற்றை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டியவர்களுக்குக் காற்று என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்குப்படி, முகத்துக்கு அது மைனஸ் 4.

மூக்கும் கையும் தொண்டையும் வேறு திசை. வீடு ஈரம், வார்டு வறட்சி. 3 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்கும். அதையே உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு வந்துவிடும். நாகர்கோவில் காற்றில் சாதாரணமாக 20 கிராம். மூக்கு வெடிக்காமல் என்ன செய்யும்? இதோடு ஷிப்டுக்குப் பலமுறை சோப்பும் ஸ்பிரிட்டும் கையில்.

வறண்ட குளிர்காற்று மூச்சுப்பாதையை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஹோவர்டு சாமர்வெல், 1924 எவரெஸ்ட் பயணத்தில் 8,500 மீட்டர் உயரம் வரை போனவர். இறங்கும் வழியில் குளிரில் கெட்டுப்போன குரல்வளை உட்சவ்வு கழன்று அடைத்து மூச்சே நின்றுவிட இருந்தது. தன் நெஞ்சைத் தானே அழுத்தி அதை வெளியே துப்பித்தான் பிழைத்தார். அவர் வெயிலில் வேலை பார்க்க இங்கே வந்தவர், இவர் இங்கிருந்து அங்கே போனவர். இவருக்கு அந்த அளவு எதுவும் இல்லை, உப்புநீர் சொட்டும் வாஸ்லினும் போதும். ஆனாலும் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன், இருமலை அவர் காசநோய் என்று பயந்துகொண்டிருந்ததால். (மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். சுத்தம்.)

கடைசியாக வெளிச்சம். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசென்தாலும் அவர் குழுவும் விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப்பண்டத்தின் மேல் ஆசை, அசதி: இவரிடம் மூன்றும் இருந்தன. ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்து அந்தப் பெயரை ஒட்ட நான் விரும்பவில்லை. தனிமை, கடன், இரத்தசோகை எல்லாமே இதே அறிகுறிகளைத் தரும். இருந்தாலும் வார்டு விளக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. மேகம் மூடிய மதியத்தில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். குளிருக்குப் பயந்து வெளியே போகாததால் இவர் இழந்தது அதைத்தான்.

செய்தது

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், டீக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என எட்டு வாரம், பிறகு தினம் 1,000. மாதவிலக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். சில்பிளெய்னுக்கு இரத்தநாளங்களை விரிக்கும் நிஃபெடிபின் கொடுப்பதுண்டு, அது அழுத்தத்தையும் இறக்கும். ஏற்கெனவே குறைந்திருந்த இவருடைய இரத்த அழுத்தத்துக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

இதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்த வேலை. நேரம் பிடித்தது பணக் கணக்கு. அம்மா, அண்ணன், இவர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினோம். வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று இவர் சொன்னார். கல்யாணம் முடிந்த கையோடு நான்கு மாதம் ஊருக்கு அனுப்பும் தொகையை அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது அண்ணன்தான். அம்மா, "நாலு மாசம் என்னத்துக்கு? குளிரு போற வரைக்கும் அனுப்பாண்டாம்" என்றார். என் மருந்துச் சீட்டில் பாதியை அந்த ஒரு வாக்கியம் ஈடுகட்டிவிட்டது.

உடுப்பில் விதி ஒன்றே: தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஷூ ஒரு அளவு பெரிதாக, நீர் புகாததாக. உள்ளே ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், மாற்று ஜோடி பையில். வீட்டுக்கு வந்ததும் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ் போட்டுச் சும்மா உட்கார வேண்டும், ரேடியேட்டர் பக்கம் போகக் கூடாது. தலைக்குக் குளிப்பதை ராத்திரிக்கு மாற்றச் சொன்னேன். ஈரத்தலையால் சளி பிடிக்காது, சளி வைரஸால் வருவது. ஆனால் ஈரமுடி காய எடுக்கும் வெப்பம் தலையிலிருந்துதான் போகிறது. அதேபோல உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போகும் என்று உலகம் பூராவும் சொல்வதும் மிகை. தலையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கு. குல்லா போடலாம், காலை மறந்துவிட்டுக் குல்லாவை மட்டும் நம்பக் கூடாது.

தேங்காயெண்ணெய் பற்றி ஒரு சிறு தகராறு நடந்தது. 24, 25 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும், அங்கே கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். குளித்த ஈரம் காயும் முன் உடம்புக்குத் தடவ நல்லதுதான். வெடித்த கைக்குப் பாரஃபின் களிம்புதான் நிற்கும் என்றேன். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.

வீட்டில் தினம் இருமுறை பத்து நிமிடம் எல்லாச் சன்னலையும் திறப்பது, துணியைக் காசு போட்டு உலர்த்தும் கடையில் காயவைப்பது, விடுமுறை நாளில் மதியம் 12க்கு நாற்பது நிமிட நடை. பழகுவது என்பது பெரும்பாலும் இந்த நடையில்தான் நடக்கிறது. திரும்பத் திரும்பக் குளிரில் போய்வந்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே நடுக்கமும் அசௌகரியமும் குறையத் தொடங்கும். உடம்பு சூடு அதிகமாக உற்பத்தி செய்வதால் அல்ல, குளிருக்குப் பதறுவது குறைவதால். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் மீனுக்கு ஐஸ் அள்ளிப் போடுகிறவர்களும் இதே மண்ணில் வளர்ந்தவர்கள்தான்.

"கூட வேலை பாக்குற ஒருத்தி வட கடல்ல இறங்கிக் குளிக்கா. சீக்கிரம் பழகிடும்ங்கா. நானும் போகட்டா?" என்று கேட்டார். புண் இருக்கிற காலோடு வேண்டவே வேண்டாம் என்றேன். கொரியாவின் ஹெய்ன்யோ முக்குளிப்புப் பெண்கள் பருத்தியுடையில் குளிர்காலக் கடலில் மூழ்கி உண்மையாகவே உடலளவில் மாறினார்கள். 1970களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்ததும் சில வருடத்தில் அந்த மாற்றம் மறைந்துவிட்டது. ரப்பர் உடையைக் கண்டதும் அவர்கள் அதைத்தான் எடுத்தார்கள்.

இரண்டாம் குளிர்காலம்

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.3. வைட்டமின் டி 28. அடுத்த குளிர்காலத்தை முழுக்க அங்கேயே கழித்தார், மாதம் ஒருமுறை வீடியோவில் பேசினோம். தெற்குப் பார்த்த சன்னல் உள்ள மாடி வீட்டுக்கு மூவரும் மாறியிருந்தார்கள். மூக்கில் இரத்தம் வரவில்லை, இருமல் இல்லை. ஜனவரியில் மனசு கொஞ்சம் சோர்ந்தது, ஆனால் மதிப்பெண் 5ஐத் தாண்டவில்லை. 10,000 லக்ஸ் விளக்கு ஒன்றைப் பழையதாக வாங்கிக் காலையில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார், இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். நடையை விடவில்லை.

கை வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு அத்தனை முறை கை கழுவும் வேலையில் களிம்புக்கு ஒரு எல்லை உண்டு.

இதில் எது எவ்வளவு பலன் தந்தது என்று என்னால் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். போதாக்குறைக்கு அந்த வருடம் கடனும் பாதி அடைந்திருந்தது, கையில் காசு இருந்தது. ஒற்றை நோயாளியை வைத்து எழுதும் எந்த ஆய்வுக்கும் உள்ள குறை இது. என்னைக் கேட்டால் இரும்பையும் உலர்ந்த ஷூவையும் முதலில் வைப்பேன், மீட்டரை மூன்றாவதாக. இவரைக் கேட்டால் மீட்டர்தான் முதலாவது.

விரல்களில் எட்டு மாதம் ஒன்றுமில்லை. ஜனவரி இறுதியில் இடது சுண்டுவிரல் மட்டும், பழைய புண் இருந்த அதே இடத்தில், மறுபடி எழும்பி மூன்று வாரம் நின்றது. நண்பர் வீட்டு விருந்துக்கு அழகான மெல்லிய ஷூ போட்டு இளகிய பனியில் நடந்ததைக் காரணமாகச் சொன்னார், பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனாலும் ஒரே இடத்தில் திரும்ப வரும் சில்பிளெய்னை நான் லேசில் விடுவதில்லை; லூபஸ் வெளிப்பட வருடங்கள் எடுக்கலாம், முதல் ஏ.என்.ஏ. எதிர்மறை என்பது கடைசி வார்த்தை அல்ல. ஜூலையில் விடுப்புக்கு வரும்போது ஏ.என்.ஏ., சிறுநீரில் புரதம், இரத்த அணுக்கள் மூன்றும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குமரி வெயிலிலும் அந்த விரலில் நிறமோ வீக்கமோ மிச்சமிருந்தால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்.